பக்கத்து நாட்டு நண்பரோடு கேலி எதுவரை, அரசியல் எதுவரை?

முதலில் நீங்கள் கேட்டது என்ன என்பதை என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் வேலை. உடன் தங்கியிருப்பவர் உங்கள் பக்கத்து நாட்டுக்காரர். மேட்ச் நடந்தால் தோற்றவரை வென்றவர் ஒரு வாரம் விடாமல் ஓட்டுவது உங்கள் இருவருக்கும் வழக்கம். சமீபத்தில் எல்லையில் பதற்றம் வந்தபோது அவர் ஒன்று சொல்ல, நீங்கள் ஒன்று சொல்ல, பேச்சே நின்றுபோனது. இப்போது பழைய கேலிகளை நினைத்தாலும் உறுத்துகிறது. “இத்தனை நாள் சிரித்ததெல்லாம் உள்ளே இருந்த வெறுப்பா? அரசியலில் ஒத்துப்போகாதவரோடு நட்பு நிலைக்குமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. கேலி என்பது பகையின் மறுமுகமா என்பது ஒன்று. நாடுகள் மோதும்போது அதன் குடிமக்கள் இருவர் எப்படிப் பேசிக்கொள்வது என்பது இன்னொன்று. நான் சமூக உளவியல் பாடம் நடத்துபவள். தகராறு உள்ள நாடுகளிலிருந்து வரும் மாணவர்களை ஓர் அறையில் உட்காரவைத்துப் பேசவைக்கும் வேலையையும் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். இரண்டிலிருந்தும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு என் பதில்: இல்லை, உங்கள் கேலி வெறுப்பாக இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மானுடவியலில் இதைப் பற்றிப் பழைய ஆய்வு ஒன்று உண்டு. ராட்கிளிஃப்-பிரவுன் 1940இல் எழுதிய கட்டுரை அது. சில உறவுகளில் மட்டும் ஒருவர் மற்றவரைக் கிண்டல் செய்யலாம், கிண்டலுக்கு ஆளானவர் கோபப்படக் கூடாது என்ற விதி உலகின் பல சமூகங்களில் இருப்பதை அவர் கவனித்தார். நமக்கு இது புதிதல்ல. மச்சான் முறையில் இருப்பவர்கள் பேசிக்கொள்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவருடைய விளக்கம் எனக்கு இன்றும் சரியாகவே படுகிறது. ஒட்டியும் இருக்க வேண்டும், தனித்தும் இருக்க வேண்டும் என்ற நிலையில் உள்ளவர்களிடம்தான் இந்தக் கேலி முளைக்கிறது. முழுக்க அந்நியரைக் கேலி செய்தால் அடிதடி வரும். முழுக்க ஒன்றானவரிடம் அதற்குத் தேவையே இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் மாலியில் இதற்குச் ‘சனங்குயா’ என்று பெயர். த்ராவோரே குலத்தவரும் தியாரா குலத்தவரும் முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஒருவரையொருவர் வாரத் தொடங்கிவிடுவார்கள். பெயரைச் சொல்லிக் கேலி செய்துவிட்டால் அதன் பிறகு நேராகப் பேசுவது சுலபமாகிவிடுகிறது. பக்கத்து நாட்டுக்காரர்கள் பலரும் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். மொழி, இசை, விளையாட்டு, பழைய வரலாறு என்று பாதி வாழ்க்கை பொதுவாக இருக்கும். கொடி மட்டும் வேறாக இருக்கும்.

ஆனால் எல்லாக் கேலியும் ஒன்றல்ல. எது தாங்கும், எது தாங்காது என்பதைப் பார்க்க ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. கிரீன்லாந்துக்கும் கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்கும் இடையே ஹான்ஸ் தீவு என்று ஒரு மொட்டைப் பாறை, சுமார் 1.3 சதுர கிலோமீட்டர்தான். 1973இல் டென்மார்க்கும் கனடாவும் கடல் எல்லையை வகுத்தபோது இந்தத் தீவை மட்டும் முடிவு செய்யாமல் விட்டுவிட்டன. 1984இல் கனடாக்காரர்கள் வந்து கொடியும் ஒரு விஸ்கி பாட்டிலும் வைத்துவிட்டுப் போனார்கள். அதே வருடம் டென்மார்க் அமைச்சர் ஒருவர் ஹெலிகாப்டரில் வந்து தங்கள் நாட்டுக் கொடியை நட்டு, தங்கள் பாட்டில் ஒன்றை வைத்தார். அதன்பின் மாறி மாறி இதே சடங்கு. உலகம் இதை ‘விஸ்கிப் போர்’ என்று சொல்லிச் சிரித்தது. கடைசியில் 2022 ஜூன் 14 அன்று தீவை இரண்டாகப் பிரித்து ஒப்பந்தம் போட்டார்கள். கையெழுத்திடும்போதும் பாட்டில் மாற்றிக்கொண்டார்கள். எல்லைத் தகராறு இவ்வளவு இனிமையாக முடியுமா என்று இதைக் காட்டிப் பலர் கேட்கிறார்கள். முடிந்ததற்குக் காரணம் இருக்கிறது. அங்கே யாரும் குடியிருக்கவில்லை, தோண்டி எடுக்கவும் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை, இரு நாடுகளும் ஒரே ராணுவக் கூட்டணியில் உள்ளவை. தோற்றால் இழக்க எதுவுமில்லாத இடத்தில் விளையாட முடிந்தது. அந்தப் பாறையை வேட்டைக்குப் போகும் வழியில் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திவந்தவர்கள் இனுயிட் மக்கள். அவர்கள் அதை டார்ட்டுபாலுக் என்று அழைக்கிறார்கள். வேடிக்கை நடந்த காலமெல்லாம் செய்திகளில் அவர்கள் பெயர் அதிகம் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் அவர்களுடைய நடமாட்ட உரிமையைக் கணக்கில் எடுத்துக்கொண்டது என்பது நல்ல விஷயம்.

இழப்பு சிறிதாக இருப்பது ஒன்று. இருபக்கமும் சமமாக இருப்பது இன்னொன்று, அதுவே முக்கியமானது என்பது என் கருத்து. நார்வேக்காரர்கள் சுவீடன்காரர்களைப் பற்றிச் சொல்லும் முட்டாள் ஜோக்குகளையே பெயரை மட்டும் மாற்றி சுவீடன்காரர்கள் நார்வேக்காரர்களைப் பற்றிச் சொல்கிறார்கள். இருவரும் ஒரே அரசரின் கீழ் இருந்து 1905இல் பிரிந்தவர்கள். பிரிவினைக்கு நார்வேயில் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 3,68,208, எதிர்ப்பு வெறும் 184. இரு பக்கமும் படைகளைத் திரட்டி நிறுத்தியிருந்த நேரம் அது. கார்ல்ஸ்டாட் நகரில் உட்கார்ந்து பேசி, ஒரு குண்டுகூட வெடிக்காமல் முடித்துக்கொண்டார்கள். கணக்கு தீர்ந்துவிட்டது, இனி யாரும் யாரையும் ஆளப்போவதில்லை. அதனால்தான் அந்த ஜோக்குகளில் முள் இல்லை.

இதற்கு நேர் எதிராக, 1970களில் பிரிட்டனில் அயர்லாந்துக்காரர்களைப் பற்றிச் சொல்லப்பட்ட ஜோக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றிலும் அதே முட்டாள் கதாபாத்திரம்தான். ஆனால் வட அயர்லாந்தில் துப்பாக்கிச் சூடு நடந்துகொண்டிருந்தது. 1974இல் பர்மிங்காம் நகரின் மதுக்கூடங்களில் வெடித்த குண்டுகளில் 21 பேர் இறந்தார்கள். அதற்காக அடுத்த வருடம் தண்டிக்கப்பட்ட ஆறு அயர்லாந்துக்காரர்களும் குற்றமற்றவர்கள் என்று 1991இல்தான் விடுவிக்கப்பட்டார்கள். தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஓர் அயர்லாந்துக்காரர் அந்தச் சூழலில் ஜோக்கைக் கேட்டுச் சிரித்தால், அது உடன்பட்டுச் சிரித்த சிரிப்பா, பயந்து சிரித்த சிரிப்பா? திருப்பிச் சொல்ல முடியாத இடத்தில் சொல்லப்படுவதை நான் கேலி என்று எண்ணமாட்டேன். 2025 தொடக்கத்தில் கனடாவை அமெரிக்காவின் 51ஆவது மாநிலம் ஆக்கலாம் என்று அமெரிக்க அதிபர் திரும்பத் திரும்பச் சொன்னபோது, அது வேடிக்கைதான் என்று பலர் சமாதானம் சொன்னார்கள். கனடாக்காரர்கள் சிரிக்கவில்லை. கனடாவின் மொன்ட்ரியாலில் இரு நாட்டு அணிகளும் மோதிய ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் அமெரிக்கத் தேசிய கீதத்துக்குக் கூச்சல் எழுந்தது. ஆட்டம் தொடங்கிய முதல் 9 விநாடிக்குள் 3 அடிதடிகள். இத்தனைக்கும் பல தலைமுறைகளாக ஒருவரையொருவர் உரிமையோடு ஓட்டிக்கொண்டு வந்த அண்டைவீட்டார் அவர்கள். வரிவிதிப்பு மிரட்டலும் சேர்ந்து வந்ததால், அதே மாதிரிப் பேச்சுக்கு அர்த்தமே மாறிவிட்டது. உங்கள் அறையில் நடந்ததும் பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் இருவரும் மாறவில்லை. கேலியைச் சுற்றியிருந்த நிலைமை மாறிவிட்டது.

விளையாட்டே பகையை வளர்க்கிறதா என்று அடுத்துக் கேட்கத் தோன்றும். இங்கே உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்தே சொல்ல வேண்டும். 1969இல் எல் சால்வடாருக்கும் ஹோண்டுராசுக்கும் நடந்த போரைக் ‘கால்பந்துப் போர்’ என்பார்கள். ஜூன் மாதத்தில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இரு அணிகளும் மூன்று முறை மோதின. மைதானத்துக்கு வெளியே கலவரம் நடந்தது. ஜூலை 14 அன்று போர் தொடங்கி சுமார் 100 மணி நேரம் நீடித்தது. பெயரைப் பார்த்தால் பந்துதான் காரணம் போலத் தெரியும். உண்மையில், நிலமில்லாத சால்வடார் ஏழைகள் சுமார் 3 லட்சம் பேர் ஹோண்டுராசில் குடியேறிப் பயிரிட்டு வந்தார்கள். ஹோண்டுராஸ் தன் நிலச் சீர்திருத்தச் சட்டத்தைக் காட்டி அவர்களை வெளியேற்றத் தொடங்கியது. வீடிழந்து திரும்பி வந்தவர்களின் கதைகள் ஏற்கனவே ஊரெங்கும் பரவியிருந்தன. மேட்ச் அந்தக் கோபத்துக்கு ஓர் இடம் கொடுத்தது, அவ்வளவே. போட்டி நடக்காமல் இருந்திருந்தால் போர் வந்திருக்காது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. அதேபோல, விளையாட்டு அமைதியைக் கொண்டுவரும் என்பதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. 2008 செப்டம்பரில் துருக்கி அதிபர் அப்துல்லா குல் கால்பந்து பார்க்க ஆர்மீனியாவுக்குப் போனார். நல்ல தொடக்கம் என்று எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த வருடம் சூரிச்சில் உடன்படிக்கை கையெழுத்தானது, ஆனால் இரு நாடாளுமன்றங்களிலும் நிறைவேறாமலே போய்விட்டது.

1999இன் தொடக்கத்தில் பாகிஸ்தான் கிரிக்கெட் அணி இந்தியா வந்ததை இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் சொல்வதுண்டு. டெல்லி மைதானத்தின் ஆடுகளத்தை எதிர்ப்பாளர்கள் இரவோடு இரவாகத் தோண்டிப் போட்டார்கள். அதனால் முதல் டெஸ்ட் சென்னைக்கு மாறியது. இலக்கு 271. சச்சின் 136 அடித்து ஆட்டமிழந்த பிறகு மீதி விக்கெட்டுகள் மளமளவென்று சரிய, இந்தியா 12 ரன்னில் தோற்றது. ஒரு கணம் மைதானமே உறைந்தது. அடுத்து, கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. அவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள். சில வாரங்களில் கொல்கத்தாவில், சச்சின் ஷோயப் அக்தரோடு மோதி ரன் அவுட் ஆனதும் கலவரமாகி, பார்வையாளர்களை வெளியேற்றிவிட்டுக் கிட்டத்தட்டக் காலி மைதானத்தில் ஆட்டத்தை முடிக்க வேண்டியிருந்தது. மே மாதம் கார்கில் போர். சென்னையில் தட்டப்பட்ட கை போரைத் தடுக்கவில்லை. அதனால் அந்தக் கைதட்டல் பொய்யாகிவிடுமா? ஆகாது. அது ஆட்டத்துக்கான மரியாதை. அந்த அளவில் அது முழு உண்மை. அதிலிருந்து அரசியல் பலனை எதிர்பார்ப்பதுதான் தவறு. 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஈட்டி எறிதலில் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்து தங்கம் வாங்க, இந்தியாவின் நீரஜ் சோப்ரா 89.45 மீட்டரோடு வெள்ளி வாங்கினார். தங்கம் வாங்கியவனும் எங்கள் பிள்ளைதான் என்று நீரஜின் தாயார் சொன்னார். நதீமின் தாயாரும் நீரஜைப் பற்றி அதேபோலப் பேசினார். இரண்டு தாய்மார்களும் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை. ஆனாலும் லட்சக்கணக்கானவர்கள் அதைப் பகிர்ந்ததற்குக் காரணம், அப்படிப் பேச முடியும் என்று யாராவது காட்டமாட்டார்களா என்று காத்திருந்ததுதான் என்று நம்புகிறேன்.

இனி ஆய்வுகள். நாம்–அவர்கள் என்று பிரிந்துவிட எவ்வளவு சின்னக் காரணம் போதும் என்பதை ஹென்றி டாஜ்ஃபெல் 1970களின் தொடக்கத்தில் காட்டினார். பள்ளி மாணவர்களை எந்த அர்த்தமும் இல்லாத ஓர் அடிப்படையில் இரண்டு குழுவாகப் பிரித்தார். எந்த ஓவியரின் படம் பிடித்திருக்கிறது என்பது போன்ற காரணம் போதுமானதாக இருந்தது. தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாத பையன்கள் தன் குழுவுக்கே கூடுதலாகப் பங்கு கொடுத்தார்கள். இது பல நாடுகளில் திரும்பச் செய்து பார்க்கப்பட்டது, முடிவு நிற்கிறது. அதற்கு முன்பே 1954இல் ஓக்லஹோமாவில் முசாஃபர் ஷெரிஃப் நடத்திய கோடைக்கால முகாம் சோதனை இன்னும் பிரபலம். 11 வயதுப் பையன்கள் 22 பேர், இரண்டு குழு, பரிசுக்கான போட்டிகள், கடைசியில் கொடி எரிப்பும் அறைச் சூறையும். பிறகு தண்ணீர்த் தொட்டி பழுதானபோது சேர்ந்து சரிசெய்ததில் பகை தணிந்தது. போட்டி பகையாகும், பொதுவேலை நட்பாகும் என்று பாடப்புத்தகங்கள் இதைச் சொல்கின்றன. ஆனால் அதற்கு முந்தைய வருடம் ஷெரிஃப் இதே சோதனையை வேறு பையன்களிடம் செய்தபோது அவர்கள் சண்டைக்கு வராததால் அது கைவிடப்பட்டது. ஆய்வாளர்களே மூட்டிவிட முயன்றார்கள் என்ற விமர்சனமும் உண்டு. எனவே பிரிந்து நிற்பது மனித இயல்பு என்பதை உறுதியாகச் சொல்வேன். போட்டி வைத்தாலே பகை வரும் என்பதை அந்த அளவுக்கு உறுதியாகச் சொல்லமாட்டேன்.

நேரில் பழகினால் வெறுப்பு குறையுமா என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் இருக்கிறது. பெட்டிக்ரூவும் ட்ராப்பும் 2006இல் 515 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பழகுவது தப்பெண்ணத்தைக் குறைக்கிறது என்பதே மொத்த முடிவு. விளைவு மிதமானதுதான், ஆனால் விடாமல் தென்படுகிறது. இதை வைத்து உங்கள் நட்புக்கு ஒரு பொருள் உண்டு என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் அளப்பது, எதிர்ப்பக்கத்து மனிதரை எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதை. எல்லைக்கோடு எங்கே இருக்க வேண்டும், நதிநீரை எப்படிப் பங்கிட வேண்டும் என்ற கருத்து மாறியதா என்பது வேறு கேள்வி. அதில் நட்பின் பாதிப்பு மிகக் குறைவாகவே தெரிகிறது. உங்கள் நண்பர் உங்களை உண்மையாகவே நேசித்துக்கொண்டே, உங்கள் நாட்டின் நிலைப்பாடு முழுத் தவறு என்று நம்பலாம். இரண்டும் ஒரே மனதில் சண்டையில்லாமல் இருக்கும். இதை ஏமாற்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் நடத்தும் கூட்டங்களில் திரும்பத் திரும்ப நடக்கும் ஒன்றைச் சொன்னால் இது விளங்கும். முதல் அமர்வில் யாராவது எதிரே இருப்பவரைப் பார்த்து, “அன்னைக்கு ஏன் அப்படிச் செஞ்சீங்க?” என்று கேட்பார்கள். கேட்கப்பட்டவர் அந்தச் சம்பவம் நடந்தபோது பிறந்தேயிருக்கமாட்டார். அதுவரை சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்வார், குரல் மாறும், வெளியுறவு அமைச்சகத்தின் அறிக்கையைப் படிப்பவர் போல தன் நாட்டு வாதங்களை வரிசையாக அடுக்குவார். அதே வாதங்களைத் தன் வீட்டில் அப்பாவோடு உட்கார்ந்து எதிர்த்துப் பேசியவராகவே இருப்பார்! வெளியாள் கேட்டதும் தற்காப்பு வந்துவிடுகிறது. நான் அந்த இடத்தில் நிறுத்தி வேறொரு கேள்வி கேட்பேன்: “இந்தத் தகராறு உன் வீட்டுக்குள்ளே எப்போ வந்தது?” அப்போதுதான் அண்ணன் படையில் இருப்பது, எல்லையை ஒட்டிய நிலத்தைத் தாத்தா விட்டுவிட்டு வந்தது, விசா கிடைக்காமல் திருமணத்துக்குப் போக முடியாதது எல்லாம் வெளியே வருகின்றன. இதன் பிறகும் யாருடைய அரசியல் கருத்தும் மாறிவிடுவதில்லை. ஆனால் ஒருவர் ஏன் அப்படி நினைக்கிறார் என்பது மற்றவருக்குத் தெரிந்துவிடுகிறது, அதோடு அறிக்கை வாசிப்பதும் நின்றுவிடுகிறது.

அரசியல் வேறுபாட்டைக் கேலிக்குள் வைத்துச் சொல்வதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் கெடுப்பது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இதற்கு நல்ல பாடம். 1981 பிப்ரவரி 1 அன்று மெல்போர்னில், கடைசிப் பந்தில் ஒரு சிக்ஸர் அடித்தால் நியூசிலாந்து ஆட்டத்தைச் சமன் செய்திருக்கும். ஆஸ்திரேலியக் கேப்டன் கிரெக் சேப்பல் தன் தம்பி ட்ரெவரிடம் பந்தைத் தரையோடு உருட்டச் சொன்னார். நியூசிலாந்துப் பிரதமர் கொதித்தார். ஆஸ்திரேலியப் பிரதமர் மால்கம் ஃப்ரேசரும் தன் நாட்டு அணி செய்தது ஆட்ட மரபுக்கு விரோதம் என்றே சொன்னார். தன் பக்கத்துத் தவறைத் தானே சொன்னதால்தான், அன்று அவமானமாக இருந்தது இன்று இரு நாட்டாரும் சேர்ந்து சொல்லிச் சிரிக்கும் கதையாகிவிட்டது. ஆனால் இன்னொரு விஷயத்தில் அவர்களால் சிரிக்க முடியவில்லை. ஆஸ்திரேலியா 2014இல் தன் குடியேற்றச் சட்டத்தைக் கடுமையாக்கியது. ஒரு வருடமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்ற வெளிநாட்டவரின் விசா தானாக ரத்தாகும். சிறு குழந்தையாக ஆஸ்திரேலியாவுக்கு வந்து, அங்கேயே படித்து, அங்கேயே குடும்பம் வைத்திருந்த நியூசிலாந்துக்காரர்கள், தங்களுக்கு யாரையும் தெரியாத நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். 2020 பிப்ரவரியில் சிட்னியில் ஆஸ்திரேலியப் பிரதமரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அன்றைய நியூசிலாந்துப் பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன், உங்கள் ஆட்களையும் உங்கள் பிரச்சினைகளையும் எங்களிடம் அனுப்பாதீர்கள் என்றார். சுற்றி வளைக்கவில்லை, ஜோக்கில் பொதியவில்லை. நாடுகடத்தல் முழுவதுமாக நின்றுவிடவில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவில் நான்கு வருடம் வசித்த நியூசிலாந்துக்காரர் நேரடியாகக் குடியுரிமை கேட்கும் வழி 2023 ஜூலை 1 முதல் திறந்தது. குறையைக் குறையாகச் சொன்னவர்கள் வருடக்கணக்கில் விடாமல் கேட்டதால் கிடைத்தது அது. அந்த வருடங்களிலும் ரக்பி மேட்சுகளில் ஓட்டுவது ஓட்டுவதாகவே நடந்தது.

கிரேக்கமும் துருக்கியும் வேறு விதத்தில் இதையே காட்டுகின்றன. 1999 ஆகஸ்ட் 17 அன்று துருக்கியின் இஸ்மித் பகுதி நிலநடுக்கத்தில் 17,000 பேருக்கு மேல் இறந்தபோது கிரேக்க மீட்புக் குழுவினர் போய் இடிபாடுகளில் தேடினார்கள். மூன்று வாரத்தில் ஏதென்ஸ் குலுங்கியது; துருக்கிக் குழு வந்தது. மக்கள் மனநிலை இளகியதை அரசுகள் பயன்படுத்திக்கொண்டன. அந்த டிசம்பரில் துருக்கி ஐரோப்பிய ஒன்றியத்தின் வேட்பாளர் நாடாக ஏற்கப்பட்டபோது கிரேக்கம் தடுக்கவில்லை. ஆனால் ஈஜியன் கடல் எல்லையும் சைப்ரஸ் பிரச்சினையும் இன்றும் அப்படியே இருக்கின்றன. நட்பு வந்தால் தகராறு தீரும் என்றோ, தகராறு தீர்ந்தால்தான் நட்பு வரும் என்றோ இதிலிருந்து சொல்ல முடியாது. பிரான்சையும் ஜெர்மனியையும் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். இரு நாடுகளும் 1963இல் போட்ட எலிசே நட்பு ஒப்பந்தத்துக்குப் பிறகு அமைந்த இளைஞர் அலுவலகத்தின் வழியாக இதுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் ஒருவர் நாட்டுக்கு ஒருவர் போய்வந்திருக்கிறார்கள். 2006இல் இரு நாட்டுப் பள்ளிகளுக்கும் பொதுவான வரலாற்றுப் பாடநூலே வந்தது. மகத்தான வேலை. ஆனால் போர் முடிந்து, எல்லை முடிவாகி, அரசுகள் இணங்கிய பிறகு நடந்தது அது. தகராறு எரிந்துகொண்டிருக்கும்போது அந்தச் சுமையை இரண்டு நண்பர்கள் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எல்லையில் ஆட்கள் இறந்துகொண்டிருக்கும் வரை மேட்ச் கேலியைத் தள்ளி வையுங்கள். அது தப்பு என்பதற்காக இல்லை. யாருடைய வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று இப்போது தெரியாது. அவர் ஊர் எல்லைக்குப் பக்கமா, குடும்பம் பத்திரமாக இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அன்றைய சண்டையில் இதை நீங்கள் இருவருமே கேட்டதாகத் தெரியவில்லை. பிறகு பேசுவதானால் தனியாகப் பேசுங்கள், பொது நண்பர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் எவரும் தன் கொடியை விட்டுக்கொடுக்கமாட்டார்.

உங்கள் கருத்தை மறைக்க வேண்டியதில்லை. “எங்க அரசு செஞ்சதுல இது சரின்னு நினைக்கிறேன், இது எனக்குச் சங்கடமா இருக்கு” என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், ஆனால் மனதில் இருந்தால் மட்டும். அவரும் தன் நாட்டைக் குறை சொன்னால்தான் நண்பர் என்று ஒரு விலை வைக்காதீர்கள்; உங்களிடம் அப்படிக் கேட்டால் நீங்களும் கொடுக்க வேண்டாம். இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதில்லை: அவர் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்றோ பிடிவாதம் என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது. சில நாடுகளில் ஒரு செய்தியைப் பகிர்ந்ததற்கே வழக்கு வரும். ஊரில் இருக்கும் பெற்றோரை விசாரிப்பார்கள். கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதில் தொல்லை வரும். எங்கள் கூட்டங்களில் வாயே திறக்காமல் இருந்த சிலர், எல்லோரும் போன பிறகு என்னிடம் தனியாக வந்து, தாங்கள் நினைப்பது இதுதான், எங்கும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் கோழைகள் என்று நினைக்க எனக்கு மனம் வந்ததில்லை.

எல்லா நட்பையும் காப்பாற்றியாக வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். எல்லை எங்கே, யார் முதலில் சுட்டார்கள், எந்த ஒப்பந்தத்தை யார் மீறினார்கள் என்பதில் ஒத்துப்போகாமல் காலம் முழுக்க நண்பர்களாக இருக்கலாம். அப்படிப் பலரைத் தெரியும். உங்கள் மக்கள் சாக வேண்டியவர்கள்தான் என்று ஒருவர் நிதானமான நேரத்திலும் சொன்னால் அது கருத்து வேறுபாடு அல்ல, விலகிவிடுவது சரி. கோபத்தில் ஒருமுறை வந்த வார்த்தையை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்யாதீர்கள். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை என்ன என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் அது எந்த வகை என்று என்னால் சொல்ல இயலாது; அதை நீங்கள்தான் எடைபோட வேண்டும்.

முதல் அடியை நீங்களே எடுத்துவைக்கலாம். நீளமாக எழுத வேண்டாம், யார் சரி என்பதைத் தொட வேண்டாம். “வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா? அன்னைக்குப் பேசினது மனசுல கிடக்கு. உனக்குத் தோணும்போது உட்கார்ந்து பேசலாம்” என்ற அளவு போதும். பதில் வராவிட்டால் பொது நண்பர்களைத் தூது விட்டு நெருக்காதீர்கள். பதற்றம் தணிந்தபின் இன்னொரு முறை கேளுங்கள். பேச உட்காரும் நாளில் மேட்ச் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.